பழனி மலை அருவிகள்: ஒரே ஒரு நாள்தான், எங்கே போவது?

விடுமுறை நெருங்கினாலே மதுரை, திண்டுக்கல் பக்கத்து நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான். ஒரு நாள் கிடைத்திருக்கிறது, காட்டுக்குள் இருக்கிற அருவிக்குப் போக வேண்டும், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். கொடைக்கானல் ஏறிவிடலாமா, கும்பக்கரையோடு நின்றுகொள்ளலாமா, தாண்டிக்குடிப் பக்கம் ஏதோ அருவி இருக்கிறதாமே, அது எப்படி? நடக்கத் தெம்புள்ள பிள்ளைகள் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள்: வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வழியாக இறங்கினால் என்ன?

நான்கும் ஒரே மலைதான். ஆனால் ஒன்றுக்கென்று கிளம்பியவர்கள் இன்னொன்றில் போய் நின்றால் முகம் சுருங்கிவிடும். குளிக்கத் துண்டோடு போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள் நிறைய. அதனால் இடத்தைப் பேசுவதற்கு முன்னால் எதை வைத்து முடிவுசெய்வது என்று பேசிவிடலாம்.

## முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

குளிக்கவா, பார்க்கவா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த நான்கில் நிம்மதியாகக் குளிக்கக்கூடியது கும்பக்கரை மட்டும்தான். மற்றவை கண்ணுக்கானவை.

எந்த மாதம்? பலரும் குற்றாலத்துக் கணக்கை இங்கே போடுகிறார்கள். சாரல் ஜூனில் வரும், ஜூலையில் அருவி கொட்டும் என்பது தென்காசிக்குச் சரி. பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டிருக்கும் கிளை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு கேரளப் பக்கத்திலேயே இறங்கிவிடும். இங்கே அருவிகளை நிறைப்பது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை நல்ல தண்ணீர், பிப்ரவரியில் மெலியும், மார்ச்சில் பாறை தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை பெய்தால் சில நாட்களுக்கு அருவி உயிர்பெறும். பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் அருவிக்காகவே கிளம்புவது அதிர்ஷ்டத்தை நம்பி இறங்குவதுதான்.

யார் கூட வருகிறார்கள்? முழங்கால் வலி உள்ள அம்மா, வளைவுகளில் வாந்தி எடுக்கும் குழந்தை, பாறையைக் கண்டாலே தாவும் கல்லூரிப் பையன் என்று ஒவ்வொருவருக்கும் ஏற்ற அருவி வேறு.

எத்தனை மணி நேரம் வண்டிக்குள்? பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் இருக்கையில் போய்விட்டால் அதை அருவிப் பயணம் என்று சொல்வதற்கில்லை.

பணத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கட்டணம் எங்கும் பெரிதில்லை. எரிபொருள், காத்திருப்பு, சாப்பாடு, கடைசி நேர ஆட்டோ என்று கணக்கில் வராமல் போகும் செலவுதான் கையைக் கடிக்கும்.

## கும்பக்கரை அருவி

பெரியகுளத்திலிருந்து சுமார் 8 கி.மீ., மாந்தோப்புகளை ஒட்டிய சாலை. மலைப்பாதை ஏற வேண்டியதில்லை. வளைவு இல்லை, வாந்தி இல்லை, கொடைக்கானல் போகும் வண்டிகளுக்கு வேண்டிய இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) தொல்லையும் இல்லை. வனத்துறைக்குச் சிறிய நுழைவுக் கட்டணம் உண்டு, உடை மாற்றும் அறை உண்டு. மதுரையிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கூட்டம் சேர்வதற்குள் தண்ணீரில் நிற்கலாம். பேருந்தில் போகிறவர்களுக்கும் இதுதான் சுலபம்: பெரியகுளம் வரை பேருந்து, அங்கிருந்து ஆட்டோ. ஆட்டோ பேசும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். அருவி வாசலில் மாலையில் பேரம் பேசினால் எதிராளியின் கைதான் ஓங்கியிருக்கும்.

இதெல்லாம் நல்ல பக்கம். இனி, கிளம்புமுன் தெரிந்தே ஆக வேண்டிய ஒன்று.

கும்பக்கரையில் விழுவது பாம்பாறு. அது பெரியகுளத்து மழையை நம்பி ஓடும் ஆறு இல்லை. மேலே கொடைக்கானல், வட்டக்கானல் பக்கத்துச் சோலைகளில் பெய்யும் மழைதான் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி இங்கே விழுகிறது. கீழே பளீரென்று வெயில் அடிக்கும்போதே மேலே ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினால் இங்கே தண்ணீர் நிறம் மாறி ஏறிவிடும். எனவே கிளம்பும் காலையில் பெரியகுளத்து வானத்தைப் பார்ப்பதில் பயனில்லை. முந்தின நாள் இரவு கொடைக்கானலில் மழையா என்று பாருங்கள். மழை என்றால் அன்றைக்குக் குளிக்கத் தடை போட்டிருக்க வாய்ப்பு அதிகம். தேவதானப்பட்டி வனச்சரகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இடம் இது. வெள்ளம் தணியும்வரை வாசலைத் திறக்க மாட்டார்கள். யானை நடமாட்டம் தெரிந்தாலும் அடைத்துவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தண்ணீர் அமோகமாக வரும் அக்டோபர் கடைசி, நவம்பர் மாதங்கள்தான் தடையும் அடிக்கடி வரும் மாதங்கள். என்னைக் கேட்டால் மழை ஓய்ந்து, ஆனால் சோலையில் ஊறிய நீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் மார்கழி, தை மாதங்கள்தான் கும்பக்கரைக்கு ஏற்றவை. தண்ணீர் தெளிவாக இருக்கும், உள்ளே விடுவார்கள். ஆனால் சபரிமலைக் காலத்தில் தேனி வழியாகப் போகும் ஐயப்ப பக்தர்களும் இங்கே இறங்குவார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். செவ்வாய், புதன் என்று வார நாளாகப் பார்த்துப் போனால் கூட்டம் குறைவு.

பாறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரதான அருவிக்கு மேலும் கீழும் ஆற்று நீர் பாறையைக் குடைந்து ஆழமான பள்ளங்களை உண்டாக்கியிருக்கிறது. உள்ளூரில் அவற்றைக் கெஜம் என்பார்கள். யானைக் கெஜம், உரல் கெஜம், பாம்பு கெஜம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே சுழலும். வனத்துறை குளிக்க ஒதுக்கிய இடத்தைத் தாண்டி "இன்னும் கொஞ்சம் மேலே போனால் தனியாகக் குளிக்கலாம்" என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். குழந்தைகளை ஒருவர் தண்ணீருக்குள்ளிருந்தும் ஒருவர் கரையிலிருந்தும் பார்த்துக்கொள்வது நல்லது.

## மலைப்பாதை அருவிகளும் கொடைக்கானலும்

வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோடு என்னும் அடிவாரச் சந்திப்பில் திரும்பி ஏறினால், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வண்டி ஓடும் பாதை. இந்தப் பாதையிலேயே இரண்டு அருவிகள் இருப்பதால் 'அருவிக்கும் ஆச்சு, கொடைக்கானலுக்கும் ஆச்சு' என்று பலர் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். தவறில்லை. ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்து போக வேண்டும்.

முதலில் வருவது டம்டம் பாறை. இங்கிருந்து எதிர்மலையில் தலையாறு அருவி தெரியும். 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. எலிவால் அருவி என்றும் அழைப்பார்கள், தொலைவிலிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். சில கிலோமீட்டர் தூரத்தில் மலைமுகட்டில் தொங்கும் வெள்ளைக் கோடு அது. இரைச்சல் காதுக்கு எட்டாது, சாரல் முகத்தில் படாது. பக்கத்தில் போக சாலையும் இல்லை. மழைக்காலத்தில் பார்த்தால் பிரமிப்பு, கோடையில் 'எங்கே?' என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டியிருக்கும். பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி மூடிவிடும் நாட்களும் உண்டு. சீக்கிரம் போங்கள், தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஊத்து, பெருமாள்மலை தாண்டி, கொடைக்கானல் ஊருக்கு 8 கி.மீ. முன்னால் வெள்ளி நீர்வீழ்ச்சி. சாலையோரத்திலேயே 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. காரிலிருந்து இறங்காமலே பார்க்கலாம், நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதைவிட வசதியான அருவி கிடையாது. வேகவைத்த சோளம், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், கையில் இருப்பதைப் பறிக்கும் குரங்குகள் எல்லாம் இருக்கும். குளிக்க நினைக்காதீர்கள். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் நீர்தான் இது. ஊர் நடுவே கிடக்கும் ஏரியின் நீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குள் பியர் சோலா அருவி மழை பெய்த வாரத்தில் மட்டும் போகத் தகுந்தது. வட்டக்கானல் பக்கத்துப் பாம்பார் அருவியைத்தான் லிரில் அருவி என்கிறார்கள், அந்தச் சோப்பு விளம்பரம் எடுத்த இடம் என்பதால். படிப்படியாக விழும் சிறிய, அழகான அருவி. பாறை வழுக்கும். வட்டக்கானல் சாலை குறுகல் என்பதால் விடுமுறை நாளில் காரைத் திருப்பவே அரை மணி நேரம் போய்விடும். இங்கே பார்க்கிற பாம்பாற்றுத் தண்ணீர்தான் கீழே இறங்கி கும்பக்கரையில் தலையில் விழுகிறது. மேலே பார்ப்பது, கீழே குளிப்பது என்று மலையே பிரித்து வைத்திருக்கிறது.

இனி, கண்ணுக்குத் தெரியாத செலவுகள். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்குள் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். இலவசம்தான், ஆனால் 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பு வைத்தார்கள். கடைசி நேரத்தில் பார்க்கலாம் என்று விடுவது சரிப்படாது. அரசுப் பேருந்தில் போனால் இந்தக் கவலையே கிடையாது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்றுக்கு 20 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும், அதனால் வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். அலுவலகக் குழுவாகப் பெரிய பேருந்து எடுப்பவர்கள் கவனிக்க: 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளுக்கு 2024 நவம்பரிலிருந்து மலையில் அனுமதி இல்லை. இத்தனைக்கும் மேலே இருப்பது நேரம். வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே சுங்கச்சாவடி, அங்கேயே அருவிக்கு நிறுத்திய வண்டிகள். ஞாயிறு காலையில் அந்த வரிசையில் நின்றவர்களுக்குக் கொடைக்கானல் என்றதும் முன்னால் நின்ற வண்டியின் நம்பர் பிளேட்தான் நினைவுக்கு வரும்.

இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி மலையில் தீய்ந்த வாடை அடிக்கும்.

## பெரும்பாறை, தாண்டிக்குடி: புல்லாவெளி அருவி

இது கீழ்ப்பழனி மலை. சித்தரேவு வழியாக ஏறினால் பெரும்பாறை, அதற்கு அப்பால் தாண்டிக்குடி. காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் நிழலான சாலை. புல்லாவெளி அருவி பெரும்பாறைக்கு அருகில். இந்தப் பக்கத்துத் தண்ணீர் குடகனாறாகி ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போகிறது.

அருவி அழகுதான். ஆனால் அருவிக்காக மட்டும் இங்கே போகச் சொல்ல மாட்டேன். விளிம்பு வரை போக முடிகிற, அங்கே போனால் கால் வைக்க நம்பகமான பாறை இல்லாத இடம். 2022 ஆகஸ்டில் படம் எடுப்பதற்காக விளிம்பில் நின்ற இளைஞர் ஒருவர் வழுக்கி விழுந்த காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள், அது இங்கேதான். குழந்தைகளோடு வருபவர்கள் இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். குளியலும் கிடையாது.

அப்புறம் யாருக்கு இது? கூட்டம் பிடிக்காதவர்களுக்கு. சாலையே போதும், அருவி கூடுதல் என்று நினைப்பவர்களுக்கு. தாண்டிக்குடியில் காப்பி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முருகன் கோயில் இருக்கிறது, அந்தப் பக்கத்துக் குன்றுகளில் பழைய கல்திட்டைகள் இருக்கின்றன. தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு வழியாகப் போனால் ஊத்துப் பக்கம் கொடைக்கானல் மலைப்பாதையில் சேரலாம், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. வத்தலக்குண்டில் இறங்கிவிடும் ஒரு நல்ல சுற்று இது.

மறைமுகச் செலவு என்றால் வசதியின்மைதான். கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் ஊர் வரும்வரை பொறுக்க வேண்டும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது உத்தமம். பல இடங்களில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது. யானை நடமாடும் பகுதி, எனவே மாலை ஐந்துக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும், உப்பு ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளலாம்.

## வெள்ளகெவி வழியாக நடை

கொடைக்கானலுக்குச் சாலை வருவதற்கு முன் பெரியகுளத்திலிருந்து மலையேறியவர்கள் கால்நடையாகவும் டோலியிலும்தான் போனார்கள். வட்டக்கானலில் தொடங்கி டால்பின் நோஸ் பாறையைக் கடந்து, வெள்ளகெவி கிராமம் வழியாகக் கும்பக்கரையில் முடியும் நடை அந்தக் காலத்தை நினைவூட்டும். வெள்ளகெவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நீங்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்திலிருந்து சமவெளி வரை இறக்கம். 'இறக்கம்தானே' என்பவர்களுக்கு அன்று மாலை முழங்கால் பதில் சொல்லும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ நடந்த பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் கிளம்பக் கூடாது. காடு காய்ந்து கிடக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்த யோசனையே வேண்டாம், கனமழை நாளிலும் வேண்டாம். ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்றால் முந்தின இரவே கொடைக்கானலில் தங்கியாக வேண்டும், ஆக இது 'ஒரு நாள்' கணக்கில் முழுசாகச் சேராது. வண்டியும் மேலே ஒன்று, கீழே ஒன்று.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கும்பக்கரை | மலைப்பாதை, கொடைக்கானல் | பெரும்பாறை, தாண்டிக்குடி | வெள்ளகெவி நடை |
|---|---|---|---|---|
| குளியல் | உண்டு, தடை இல்லாத நாளில் | இல்லை | இல்லை | கடைசியில் கும்பக்கரையில் |
| நல்ல மாதம் | டிசம்பர், ஜனவரி | அக்டோபர் முதல் ஜனவரி | நவம்பர் முதல் ஜனவரி | டிசம்பர், ஜனவரி |
| பெரியவர்கள் | சிறிது நடக்க வேண்டும் | மிக வசதி | சாலை மட்டும் | முடியாது |
| சிறு குழந்தைகள் | கண்காணிப்போடு சரி | சரி, வாந்தி வரலாம் | வேண்டாம் | வேண்டாம் |
| பேருந்தில் | சுலபம் | சுலபம், இ-பாஸ் தேவையில்லை | நேரம் பார்த்துப் போக வேண்டும் | மேலே ஏறப் பேருந்து உண்டு |
| கையைக் கடிப்பது | திடீர்த் தடை, கூட்டம் | வரிசை, பாட்டில் கட்டணம், எரிபொருள் | சாப்பாடு, கழிப்பறை இல்லாமை | வழிகாட்டி, தங்கல், இரண்டு வண்டி |

## என் தேர்வு

குடும்பமாக, குளிக்கும் ஆசையோடு போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கும்பக்கரை. மூட்டுவலிக்கார மாமியாரை அழைத்துப்போகிறீர்கள், அவருக்குக் குளிரும் வேண்டும், அருவியும் வேண்டும் என்றால் மலைப்பாதை. அதுவும் வார நாளில், விடியும்போதே காட்ரோட்டைத் தொட்டுவிட வேண்டும். நண்பர்கள் இரண்டு பேர், ஒரு பைக், பேச நிறைய இருக்கிறது என்றால் தாண்டிக்குடிச் சுற்று. வெள்ளகெவியை இரண்டு நாள் கிடைக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலும் கும்பக்கரையும் ஒரே நாளில் வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் எப்போதும் 'வேண்டாம்'தான். ஏற இரண்டரை மணி நேரம், இறங்க அதே அளவு, நடுவில் ஊருக்குள் நெரிசல். இறங்கி வந்தால் கும்பக்கரையில் நேரம் முடிந்து எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம்: விடிகாலையில் டம்டம் பாறை வரை மட்டும் ஏறி, மேகம் மூடுவதற்குள் தலையாற்றைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிவிடுங்கள். காட்ரோட்டிலிருந்து தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம் போய்ப் பத்து மணிக்குள் கும்பக்கரையில் குளிக்கலாம். உயரமான அருவியும் பார்த்தாயிற்று, குளியலும் ஆயிற்று. அடிவாரத்தில் காமக்காபட்டிச் சோதனைச்சாவடியைத் தாண்டுவதால் இ-பாஸ் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன இடத்தில் 'இன்று குளிக்கத் தடை' என்று பலகை வைத்திருந்தால்? காவலரிடம் வாதாடி நேரத்தைப் போக்க வேண்டாம். பெரியகுளத்துக்குப் பக்கத்திலேயே வராகநதியில் சோத்துப்பாறை அணை இருக்கிறது, மலை சூழ்ந்த இடம், நீர் நிறைந்திருக்கும் நாளில் பார்க்க நன்றாக இருக்கும். இல்லையென்றால் திரும்பும் வழியில் தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போங்கள். மஞ்சளாற்றின் கரையில் இருக்கும் இந்தக் கோயிலில் அடைத்த கதவுக்குத்தான் பூசை. பக்கத்தில் மஞ்சளாறு அணை. காலையில் டம்டம் பாறையிலிருந்து பார்த்த தலையாற்றுத் தண்ணீர் அந்த அணைக்குத்தான் வந்து சேர்கிறது.